கண்ணகி கோட்டம்: பளியன்குடி நடையா, குமுளி ஜீப்பா?

மேலூர்க்காரன்: வரும் சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோட்டம் போகத் திட்டம். ஆறு பேர். அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு மூட்டுவலி. இளசுகள் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடி வழியாக நடந்து ஏறி, இறங்கும்போது எல்லோரும் ஒன்றாக ஜீப்பில் கேரளப் பக்கம் குமுளி வரலாமா? வேறு மாதத்தில் அனுமதி கிடைக்குமா? என்னென்ன கொண்டுபோகலாம்?

சுருளிச்சாரல்: வேறு மாதம் என்ற பேச்சே இல்லை. கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். பக்தர்களுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான், அதுவும் பகலில் மட்டும். அண்மை ஆண்டுகளில் காலை 6 மணிக்கு விட்டு, மதியம் 2.30 வாக்கில் ஏறுவதை நிறுத்துகிறார்கள். மாலைக்குள் மலை காலியாகிவிட வேண்டும். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி நேரத்தையும் ஜீப் கட்டணத்தையும் அறிவிக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறுவது ஒரு வழி, இறங்குவது ஒரு வழி என்பது வேண்டாம். பைக்கைப் பளியன்குடியில் விட்டுவிட்டுக் குமுளியில் இறங்கினால், மலைச்சாலையில் லோயர் கேம்ப் வந்து, அங்கிருந்து மறுபடி பளியன்குடிக்குப் போகணும். அன்றைக்கு அந்தச் சாலையில் பஸ் நகர்வதே பெரும்பாடு. போன வழியே திரும்புங்கள்.

பெரியவர்களுக்கு ஜீப்தான். முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். பின்னால் எதிரெதிர் பெஞ்சில், சக்கரத்துக்கு நேர்மேலே உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கும். காட்டுப்பாதை சுமார் 14 கி.மீ., முழுக்கக் குண்டும் குழியும். முன்னால் போகிற ஜீப்பின் புழுதி முகத்தில்தான் அடிக்கும், துண்டு அவசியம். பைக்கில் ஏற அனுமதி கிடையாது.

நடைராசா: நடைவழி ஆறரை கி.மீ. சொச்சம். தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் ஆளை வாங்கும்; கோயில் 1,300 மீட்டருக்கு மேலே. பாதி வரை மரநிழல். அப்புறம் மொட்டைப் புல்மேடு, சித்திரை வெயில் உச்சந்தலையில். வெள்ளனவே, 6 மணிக்கே காலை வைத்தால் வெயில் ஏறுமுன் மேட்டைத் தாண்டலாம். 9 மணிக்குத் தொடங்குகிறவர்கள்தான் நடுவில் மயங்கி உட்காருகிறார்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். பிஸ்கட், கற்பூரம், குங்குமம் எல்லாம் பாலிதீன் உறையோடு வருவதை மறந்துவிடுகிறோம்; வீட்டிலேயே பிரித்து டப்பாவிலும் துணிப்பையிலும் மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்கால் பிடிக்கும், எலுமிச்சையும் உப்பும் சேருங்கள். மது, அசைவம் கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம்: காய்ந்த புல் சறுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வாரிவிடும்.

மேலூர்க்காரன்: நன்றிண்ணே. இரண்டு குழுவும் மேலே எங்கே சந்திப்பது? போன் எடுக்குமா?

சுருளிச்சாரல்: போனை நம்பாதீர்கள். ஜீப்காரர்கள் இறக்கிவிடும் இடத்தையே முடிவு செய்து, நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள், 10 மணி என்றால் 10 மணி. 12 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் திரும்பும் ஜீப்புக்கு வரிசை நீளும், கோடை இடிமழையும் அந்த நேரத்தில்தான் வரும். வெட்டவெளிப் புல்மேட்டில் ஒதுங்க இடமில்லை.

கல்லெழுத்து: எல்லோரும் வரிசையில் நின்று, கும்பிட்டு, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஒரு கால் மணி நேரம் சுவரைப் பாருங்கள். கருங்கல்லைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய கட்டுமானம், இன்று பாதி சரிந்து கிடக்கிறது. சரிந்த கல்லில் ஏறி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், ஆடும். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சொல்லும் கோட்டம் இதுதான் என்று 1963-இல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கற்பூரத்தைக் குறித்த இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். சுற்றிலும் காய்ந்த புல், ஒரு பொறி போதும்.