கட்டுநாயக்க (கொழும்பு ஏர்போர்ட்) - திருச்சி பிளேன்ல எவ்வளவு நேரம்? சென்னை நல்லமா திருச்சி நல்லமா?

டிக்கோயா பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவ கூட்டிக்கிட்டு நீலகிரியில உள்ள கோத்தகிரி போகணும், மாமா குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல (மலையகத் தமிழர இந்தியாவுக்கு அனுப்புன 1964 ஒப்பந்தம்) போனவங்க, அங்கயே தங்கிட்டாங்க. மேப்புல கட்டுநாயக்கவுக்கும் திருச்சிக்கும் நேர் கோடு போட்டா 415 கிலோமீட்டர் மாதிரி காட்டுது. பிளேன் மணிக்கு 800 போகும்னா அரை மணி நேரந்தானே, டிக்கெட்டுல ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கான்? ரெண்டு நாட்டுக்கும் டைம் வித்தியாசமா? இல்ல சென்னைக்கே போயிறவா?

பண்டாரவளை அக்கா:
டைம் ஒண்ணுதான் தம்பி. 2006லயே நம்ம மணிய இந்தியா மணியோட சேத்துட்டாங்க, அதனால டிக்கெட்டுல உள்ளத அப்படியே கழிச்சு பாக்கலாம். 800ங்கிறது மேல ஏறி நேரா போறப்ப உள்ள வேகம், இவ்வளவு கிட்ட உள்ள ஊருக்கு ஏறி முடிக்கவும் எறங்க ஆரம்பிக்கவும் சரியா இருக்கும். அதோட கேட்ட விட்டு நகர்றதுல இருந்து அந்தப் பக்கம் போய் நிக்கிற வரைக்கும் சேத்துத்தான் டிக்கெட்டுல போடுவாங்க. சென்னை 645 கிலோமீட்டர், தூரம் ஒண்ணரை மடங்கு, ஆனா நேரம் கூடினா ஒரு இருவது முப்பது நிமிஷந்தான் கூடும்.

வவுனியாக்காரன்:
யாழ்ப்பாணத்து பலாலி ஏர்போர்ட்ல இருந்து சென்னை 355 கிலோமீட்டர்தான் ப்ரோ, அத பாக்கலயா?

ஹட்டன் வேன்காரர்:
ஐயோ வேணாம். பலாலி போறது ஏடிஆர், காத்தாடி வச்ச சின்ன பிளேன், வேகம் கம்மி, பாதி தூரத்துக்கும் கட்டுநாயக்கவுல இருந்து போற ஜெட் அளவுக்குத்தான் நேரம் எடுக்கும், அதுக்கு மொதல்ல ஹட்டன்ல இருந்து யாழ்ப்பாணத்துக்கு ராத்திரி முழுக்க பஸ்ல குந்தணுமே. தம்பி நீங்க வானத்துல போற நேரத்த பாக்குறீங்க, நம்ம பயணம் ரோட்டுலதான் இருக்கு. கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளைன்னு எறங்கி கட்டுநாயக்க போக நாலரை அஞ்சு மணி நேரம், மழைன்னா கினிகத்தேன பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்கும், சொல்லவே ஏலாது. மூணு மணி நேரம் முன்னுக்கு உள்ள இருக்கணும். காலைல பிளேன்னா ராத்திரியே வெளிக்கிடணும், வயசானவங்களுக்கு அந்த வளைவுல வாந்திதான் வரும். பகல் தாண்டி உள்ள பிளேனா பாத்து எடுங்க. பஸ்னா கொழும்பு கோட்டைக்கு போய் 187 நம்பர் பஸ்ல ஏறுங்க, ஹைவேயில போகும்.

பண்டாரவளை அக்கா:
அந்தப் பக்கமும் அப்படித்தான். திருச்சியில எறங்கி கோயம்புத்தூருக்கு பஸ்ல அஞ்சு மணி நேரம், பொறகு மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ஏறணும். சென்னையில எறங்குனா ரோடு இத விட ரெண்டு மடங்குக்கு மேல, ராத்திரி ரயில் எடுத்தா மட்டும் பரவால்ல. நானா இருந்தா திருச்சிதான், ஒரு நாள் அங்கயே தங்கிட்டு அடுத்த நாள் வெள்ளன கோயம்புத்தூர் பஸ் ஏறுவேன். மேட்டுப்பாளையத்துல வாடகைக் கார் புடிச்சா நீலகிரிக்கு இ-பாஸ் (வண்டி உள்ள போக ஆன்லைன்ல எடுக்கிற அனுமதி) கேப்பாங்க, கவர்மெண்ட் பஸ்ல போனா அந்தக் கரைச்சல் இல்ல.

டிக்கோயா பையன்:
நன்றி அக்கா, அண்ணே. திருச்சிதான், பின்னேரம் பிளேன். அம்மா இப்பத்தான் மொத தடவ ஏறப்போறாங்க, எந்தப் பக்கம் சீட் எடுத்தா நல்லம்?

வவுனியாக்காரன்:
வலது பக்க ஜன்னல். நேர் கோடு இராமேஸ்வரத்துக்கு கிட்டத்தான் போகுது, மேகம் இல்லாட்டி தலைமன்னார் பக்கம் மணல் திட்டு வரிசையா தெரியும்.