ஹெட் போல்ட்டு: பழசா, புதுசா?

குழு: பெரியதோட்டத்துப் பங்காளிக

பிரபு: [படம்] மாமா, பிக்கப் இஞ்சின் ஹெட்டை, அதான் மேல்மூடியைக் கழட்டியாச்சுங். 10 போல்ட்டும் பாக்க நல்லாத்தான் இருக்குது. டீசல்ல கழுவி அதையே போட்டுக்கலாங்களா?

பட்டறை மாமா: பார்வைக்குத் தெரியாது மாப்ள. மேனுவல்ல டைட் எப்படிப் போட்டிருக்குது?

பிரபு: மொதல்ல டார்க், அதாவது ரெஞ்ச்ல சொன்ன முறுக்கு அளவு, பொறகு 90 டிகிரி திருப்போணும், மறுக்கா 90 டிகிரிங்.

பட்டறை மாமா: அப்ப புதுசுதான். டிகிரிக்குத் திருப்புற போல்ட்டு இழுபட்டு நீண்டுதான் ஹெட்டை அமுக்கிப் புடிக்கும். கழட்டுனாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. மறுக்கா இழுத்தா மெலிஞ்ச எடத்துலயே நீளும். புடி கொறைஞ்சா ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கெட் ஊதிரும். அறுந்துச்சுன்னா மிச்சம் கீழ இருக்கற இஞ்சின் பிளாக்குக்குள்ளயே நின்னுக்கும்.

லேத் சித்தப்பா: கம்மின்ஸ் 5.9 மாதிரி சில இஞ்சின்ல டிகிரி இருந்தும் நீளம் அளந்து திரும்பப் போடலாம். ஆனா கம்பெனி அளவு குடுத்திருந்தாத்தான். நம்மளா முடிவு பண்ணக் கூடாது.

மணி அண்ணா: பழைய டிராக்டர்ல தலையில்லாத போல்ட்டு, அதான் ஸ்டட்டு, நட்டு எல்லாம் அதையேதானுங்க போடறோம்?

பட்டறை மாமா: அதுக்கு டார்க் மட்டுந்தான மணி. அளவோட இழுத்து, கழட்டுனா பழைய நீளத்துக்கே வந்துரும். நல்லா இருந்தாப் போடலாம்.

லேத் சித்தப்பா: போடறதுக்கு முன்னால நட்டைக் கையால கடைசி வரைக்கும் ஓட்டிப் பாரு. பாதியில இறுகுனா மரை இழுத்துருச்சு. தண்டை நாலஞ்சு எடத்துல வெர்னியர்ல அள. ரேடியேட்டர்ல போர் உப்புத்தண்ணி ஊத்துன வண்டின்னா தண்ணி ஓடற வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள நிக்கற ஸ்டட்டைத்தான் மொதல்ல பாக்கோணும். துரு குழி விழுந்திருந்தா தூக்கிப் போட்டுரு. அங்க மரைக்கு சீலன்ட்டும் வேணும்.

பிரபு: ஹார்டுவேர் கடையில அதே சைஸ் கெடைக்குதுங்களே?

லேத் சித்தப்பா: சைஸ் ஒண்ணா இருந்தாப் பத்தாது. தலையில பலத்துக்கு 10.9-ன்னு நம்பர் இருந்த எடத்துல 8.8 போட்டா அந்த இழுப்பைத் தாங்காது. 12.9 போட்டாலும் டிகிரிக் கணக்கு மாறிரும். கம்பெனி செட்டே வாங்கு.

பட்டறை மாமா: இன்னொண்ணு, பிளாக் ஓட்டையில எண்ணெய், தண்ணி ஒரு சொட்டுக் கூட நிக்கக் கூடாது. எண்ணெய் அமுங்காது. போல்ட்டு எறங்க எறங்க அடியில பிளாக்கையே பொளந்துரும். இல்லீன்னா ரெஞ்ச் டைட்டுன்னு காட்டும், ஹெட்டு புடிச்சிருக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுட்டு காத்து அடிச்சு எடு.

பிரபு: மரைக்கு எண்ணெய் போடோணுங்களா?

பட்டறை மாமா: இஞ்சின் ஆயில் லேசா, மரைக்கும் தலைக்கு அடியிலயும். டார்க் ரெஞ்ச் காட்டற முறுக்குல 10-ல 9 பங்கு உரசலுக்கே போயிரும். காஞ்ச மரையா இருந்தா புடிக்கற பங்கு இன்னுங் கொறையும். டிகிரி போடறதே இதுக்குத்தான். புது போல்ட்டுல கம்பெனியே பூச்சுப் பூசி, எண்ணெய் வேண்டாம்னு மேனுவல்ல இருந்தாப் போடாத. டைட் வெக்கறப்ப நடுப் போல்ட்டுல ஆரம்பிச்சு வெளிய வா. டிகிரிப் போல்ட்டை வண்டி ஓட்டுன பொறகு மறுக்கா டைட் வெக்கக் கூடாது.

மணி அண்ணா: டிராக்டர்ல வெப்போமே?

பட்டறை மாமா: அதுல மேனுவல் சொன்னா வெய்யி.

பிரபு: சரீங். செட்டுக்குச் சொல்லிடறேன். பழசை எடைக்குப் போட்டுரட்டுங்களா?

லேத் சித்தப்பா: ஒண்ணை வெச்சுக்க. முனையில ரம்பத்தால நீளவாக்குல ரெண்டு கீறு கீறி, பிசிர் தேச்சு, ஓட்டை மரையச் சுத்தம் பண்ண ஓட்டு. மரை வெட்டற டேப் போட்டு வெட்டிராத, மரை லூசாயிரும்.