ஒஹாயோவில் வீடு வாங்கலாமா? வீட்டிலிருந்தே வேலை, மலிவு விலை, நகர வரி

எடிசன் வேலன்:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். அலுவலகம் மன்ஹாட்டனில். இனி முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இங்கே வாடகை கட்டி மாளவில்லை. ஒஹாயோவில் யங்ஸ்டவுன் பக்கம் வீட்டு விலையைப் பார்த்தபோது ஒரு பூஜ்யம் விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். மாநில வருமான வரியும் 2026 முதல் ஒரே விகிதம், 2.75 சதவீதம்தான். போகலாமா? இல்லை, கொலம்பஸ் பக்கம் நல்லதா?

கொலம்பஸ் மீனா:
தாராளமாக வாருங்கள் தம்பி. நாங்கள் லூயிஸ் சென்டரில் இருக்கிறோம், கொலம்பஸுக்கு வடக்கே. வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலை, மூன்று நாள் அலுவலகம். பள்ளி நன்றாக இருக்கிறது, தோசை மாவு கடையிலேயே கிடைக்கிறது. நியூயார்க் மாதிரி கடலோரப் பெருநகர நிறுவனங்கள் தரும் சம்பளம் இந்த மாநிலத்துக் கடைகளிலும் பள்ளிகளிலும் செலவாவது மாநிலத்துக்கும் நல்லதுதானே.

டேட்டன்வாசி:
மீனா அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலன், யங்ஸ்டவுனில் வீடு ஏன் அந்த விலைக்குக் கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பல் எஃகு ஆலையை மூடப்போவதாக அன்று அறிவித்தார்கள். சுமார் 5,000 பேர் வேலை போயிற்று. அதை இன்றும் ‘கறுப்புத் திங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். 1950-இல் அந்த நகரத்தில் 1,68,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 60,000. பக்கத்திலேயே லார்ட்ஸ்டவுனில் 1966 முதல் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் 2019 மார்ச்சில் நின்றது. எங்கள் டேட்டன் பகுதியில் 2008 டிசம்பரில் மொரைன் கார் ஆலையை மூடினார்கள். அடுத்த வருடமே, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என்சிஆர் நிறுவனம் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போகிறேன் என்றது. வெளியூரில் யாரோ ஒரு முடிவு எடுப்பார்கள், இங்கே தெரு முழுக்க வீட்டை விற்பார்கள். உங்கள் வேலையும் மன்ஹாட்டனில் ஒருவர் எடுக்கும் முடிவில்தான் நிற்கிறது.

கொலம்பஸ் மீனா:
அண்ணா, அதையே நான் திருப்பிப் பார்க்கிறேன். அந்த ஊர்கள் ஒரே ஆலையை நம்பி இருந்தன. அது போனதும் மளிகைக் கடையிலிருந்து முடிதிருத்தும் கடை வரை எல்லாம் சேர்ந்து போயின. எங்கள் தெருவில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு நிறுவனம். ஒருவருக்கு வேலை போனால் அந்த வீட்டுக்குக் கஷ்டம், ஊர் சாயாது. இன்டெல்லையும் பாருங்கள். 2022-இல் கொலம்பஸ் பக்கத்து லிக்கிங் கவுண்டியில் 20 பில்லியன் டாலரில் சிப் ஆலை என்று அறிவித்தார்கள். இப்போது 2030-க்கு முன்னால் இல்லை என்கிறார்கள். அதை நம்பி நிலம் வாங்கியவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பெரிய ஆலைக்காக ஊர் காத்துக் கிடப்பதைவிட, நூறு வீடுகளில் நூறு வேலை இருப்பது எவ்வளவோ மேல்.

டேட்டன்வாசி:
ஊர் சாயாது என்கிறீர்கள், சரி. ஊருக்கு வரி யார் கட்டுவது? இது ஒஹாயோவில் உள்ள விஷயம், வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. இங்கே நகரங்கள் சம்பளத்தின் மேல் வரி வாங்கித்தான் ஓடுகின்றன. 1946-இல் டொலிடோ ஆரம்பித்தது. இன்று கொலம்பஸிலும் கிளீவ்லாந்திலும் 2.5 சதவீதம். எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அந்த ஊருக்குத்தான் அந்த வரி. லூயிஸ் சென்டர் எந்த நகரத்துக்குள்ளும் இல்லை, டவுன்ஷிப் என்ற ஊர்ப்பகுதியில் இருக்கிறது; டவுன்ஷிப்புக்கு வருமான வரி போடும் அதிகாரமே இல்லை. ஆக, நீங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு நாளுக்குக் கொலம்பஸுக்கு ஒரு சென்ட்டும் போகாது. அந்த நகரத்தின் சாலை, தீயணைப்பு, போலீஸ் எல்லாம் உங்களுக்கும்தானே?

கொலம்பஸ் மீனா:
கணக்கையே சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்று வையுங்கள். கொலம்பஸ் வரி 2,500. ஐந்தில் இரண்டு நாள் வீட்டில் என்றால் 1,000 டாலர் திரும்பக் கேட்கலாம். நாங்கள் கேட்டு வாங்குகிறோம், அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீடு இருக்கும் ஊருக்குச் சொத்து வரி முழுசாகக் கட்டுகிறோம். தொற்றுக்காலத்தில் வீட்டை விட்டே வெளியே வராதவர்களிடமும் அலுவலகம் இருந்த நகரம் வரி பிடித்தது. சின்சினாட்டி சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது 2020 அவசரச் சட்டத்துக்கான தீர்ப்பு. அந்தக் காலம் முடிந்துவிட்டது.

டேட்டன்வாசி:
சட்டப்படி சரி என்பதை நான் மறுக்கவில்லை. என் மனைவி மருத்துவமனையில் செவிலியர், ஒரு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. டேட்டனுக்கு முழு வரியும் கட்டுகிறாள். மருத்துவமனைகள், மொரைனில் பழைய கார் ஆலைக்குள் இப்போது ஓடும் கண்ணாடித் தொழிற்சாலை, இங்கெல்லாம் உடம்போடு போய் நிற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நகரத்தின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் தலையிலேயே இறங்குகிறது. என் வருத்தம் அதுதான்.

கொலம்பஸ் மீனா:
அது நியாயமான வருத்தம் அண்ணா. அப்படியென்றால் நகரங்கள் வரி வாங்கும் முறையை மாற்றட்டும். எங்களை மறுபடி நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்கு வழி இல்லை.

வரிக்கணக்கு செல்வி:
குறுக்கே வருகிறேன், வேலன் கேட்ட கேள்வியையே எல்லோரும் விட்டுவிட்டீர்கள். வேலன், உங்கள் அலுவலகம் நியூயார்க்கில். உங்கள் வசதிக்காக வேறு மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும், அதை நியூயார்க்கில் செய்த வேலையாகவே அந்த மாநிலம் கணக்கிடும். அதனால் வரி நியூயார்க்குக்குத்தான். அங்கே கட்டியதை ஒஹாயோ தன் வரியில் கழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். 2.75 சதவீதத்தால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. கொலம்பஸ் பக்கத்து டப்ளின் மாதிரி ஒரு நகரத்துக்குள் வீடு வாங்கினால் 2 சதவீத நகர வரி கூடுதலாகவும் வரும். நிறுவனம் உங்களை நியூயார்க் அல்லாத ஓர் அலுவலகத்தின் கீழ் மாற்றினால்தான் கணக்கு மாறும். இதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, எச்1பி. பெருநகரப் பகுதி மாறினால், நீங்கள் நகர்வதற்கு முன்பே நிறுவனம் குடியேற்றத் துறையிடம் விசாவுக்குத் திருத்த மனு போட வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றாலும் அந்த வீடுதான் பணியிடம். ‘வீட்டிலிருந்து வேலை செய்யலாம்’ என்ற கடிதம் அதற்குப் போதாது.

டேட்டன்வாசி:
செல்வி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போனால் எச்1பி-யில் இருக்கும் உங்களுக்கு அடுத்த வேலை தேட 60 நாள்தான். அந்த 60 நாளில் யங்ஸ்டவுனில் வீட்டை விற்க முடியுமா?

கொலம்பஸ் மீனா:
இதில் அண்ணாவோடு ஒத்துப்போகிறேன். அடுத்த வேலையையும் வீட்டிலிருந்தே தேடலாம் என்றாலும், காரில் போய்ச் சேரும் தூரத்தில் நாலு நிறுவனம் இருப்பது வேறு. கொலம்பஸில் வங்கி, காப்பீடு, மருந்து விநியோகம் என்று ஐடி ஆட்களை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன.

எடிசன் வேலன்:
நியூயார்க் விதி எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாளும் 2.75-ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி, மிக்க நன்றி. யங்ஸ்டவுனை விட்டுவிடுகிறோம். திங்கட்கிழமை மனிதவளப் பிரிவில் இரண்டு கேள்விகளையும் கேட்கிறேன். திருத்த மனு போட ஒப்புக்கொண்டால் கொலம்பஸ் பக்கம் முதல் ஒரு வருடம் வாடகைக்குத்தான். மீனா அக்கா, ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் வர வேண்டுமென்றால் எந்த மாதத்தில் வீடு தேட ஆரம்பிக்க வேண்டும்?

கொலம்பஸ் மீனா:
ஏப்ரலிலேயே தேட ஆரம்பித்துவிடுங்கள் தம்பி. பார்க்க வரும்போது எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.