சபையில் இஸ்ரேலுக்கு ஜெபம், கடையில் பாலஸ்தீனக் கொடி

பிரிக்பீல்ட்ஸ்காரன்: எங்கள் சபையில் ஞாயிறுதோறும் இஸ்ரேலுக்காக ஜெபம், ஆராதனை முடிந்து தே தாரிக் குடிக்கப் போனால் கடைச் சுவரில் பாலஸ்தீனக் கொடி. சபைக்கு இஸ்ரேல்மேல் இந்தப் பற்று எங்கிருந்து வந்தது?

ஜார்ஜ்டவுன்வாசி: ஆதியாகமம் 12:3தான். ‘உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்’ என்று ஆபிரகாமுக்குச் சொன்னதை இன்றைய இஸ்ரேல் அரசுக்குப் பொருத்திவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் உலக முடிவைப் பற்றிப் போட்ட கடைசிக்காலக் கணக்கு, 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அமெரிக்காவில் பரவியது. 1948இல் இஸ்ரேல் உருவானதும், யூதர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள் என்ற தீர்க்கதரிசனம் பலித்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள்.

செந்தூல் அக்கா: சரி தம்பி, அந்தக் கணக்கின் முடிவில் யூதர்கள் இயேசுவை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அழிவுதான். இதுவா நேசம்? அப்புறம், பெத்லகேம் கிறிஸ்தவர்களும் பாலஸ்தீனர்கள்தானே, அவர்களுக்காக ஒரு ஞாயிறாவது ஜெபித்தீர்களா?

பிரிக்பீல்ட்ஸ்காரன்: இல்லை அக்கா. போன கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேம் குடில் மட்டும் ஜோடித்தோம்.