டீசலில் சகதி: பழைய பாய்மரப் படகு, இருபதே நிமிடத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

கிராண்ட்பே படகுக்காரன்

வணக்கம். மொரிஷியஸ் கிராண்ட் பேயில் இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்கால் பக்கம், ஓட்டல் வேலைக்கு இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு பழைய 31 அடி பாய்மரப் படகு வாங்கினேன். 1987ல் கட்டியது, இன்ஜின் யன்மார் 2ஜிஎம்20, இரண்டு சிலிண்டர், 18 குதிரைச்சக்தி. பாய் ஓரளவு தெரியும். இன்ஜின் சுத்தமாகத் தெரியாது.

புயல் சீசனுக்காகத் தைப்பூசக் காவடிக்கு முன்னால் கட்டிவைத்த படகை மே கடைசியில்தான் எடுத்தேன். டேங்கில் பாதி டீசல் அப்படியே இருந்தது. ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது, ஐடிலிங்கில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடுகிறது. குவான் டெ மீர் தீவுப் பக்கம் போகலாம் என்று கிளம்பி 2500 ஆர்பிஎம் வைத்தால் பதினைந்து, இருபது நிமிடத்தில் சத்தம் ஏறி இறங்க ஆரம்பிக்கிறது, அப்புறம் இருமி இருமி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. கடைசி முறை நின்றது பவளத்திட்டுக்கு நடுவில் இருக்கும் வாயில் நுழையும்போது. மனைவியும் பையனும் படகில் இருந்தார்கள். முன்பாயை அவசரமாக ஏற்றித் தப்பித்தோம்.

இன்ஜின் மேலே இருக்கும் ஃபில்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இரண்டாவது ஃபில்டர் ஒரே வாரத்தில் காபித்தூள் ஒட்டிய மாதிரி கறுத்துப்போனது. பார்த்த மெக்கானிக் இன்ஜெக்ஷன் பம்ப் (டீசலை அழுத்திச் சிலிண்டருக்குத் தள்ளுகிற பம்ப்) போய்விட்டது, புதிதாக வரவழைக்க வேண்டும் என்கிறார். விலையைக் கேட்டதும் ஐயோ என்றேன் (இங்கே கிரியோல் பேசுகிறவர்களும் ஐயோ என்றுதான் சொல்வார்கள், அவருக்கு உடனே புரிந்தது). பம்ப்தானா?

தூத்துக்குடி டீசல்

தம்பி, பம்புக்குக் காசு கொடுக்காதே. பம்ப் போனால் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் சரியாகாது. நீ சொல்வது டீசல் வரத்து குறைகிற கதை. ஐடிலிங்கில் கொஞ்சம் டீசல் போதும், அடைப்பு இருந்தாலும் ஓடும். ரேஸ் கொடுத்தால் இழுப்பு கூடும், அடைப்பு இறுகும், நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லை, அடைத்த அழுக்கு தானே உதிர்ந்து கீழே போகும், மறுபடி ஓடும். முப்பது வருஷமாக விசைப்படகு இன்ஜினில் நான் பார்க்கிற வியாதி இது. இன்ஜின் அளவுதான் வேறே.

முதலில் கோளாறு டேங்க் பக்கமா, இன்ஜின் பக்கமா என்று பிரி. ஒரு சுத்தமான கேனில் பத்து லிட்டர் புது டீசல் வாங்கு. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குப் போகிற பக்கத்தில் வேறு குழாய் மாட்டி அதைக் கேனுக்குள் விடு. ரிட்டர்ன் குழாய் டேங்குக்குப் போகிறதென்றால் அதையும் கேனிலேயே விடு, இல்லாவிட்டால் நல்ல டீசல் அழுக்கு டேங்கில் போய்ச் சேரும். படகை இறுக்கிக் கட்டி, கியர் போட்டு, அதே 2500ல் ஒரு மணி நேரம் ஓட்டு. நிற்காவிட்டால் பம்பைப் பற்றி இனி யாரும் உன்னிடம் பேசக்கூடாது.

டர்பன் துறைமுகம்

அண்ணன் சொன்னது சரி. அதோடு இன்னொன்று, காசே ஆகாது. இன்ஜின் திணற ஆரம்பிக்கும்போது டெக்கில் டீசல் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். உடனே உயிர் வந்தால் டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. டீசல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்தக் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டு நாள் இன்ஜினைப் பிரித்த பிறகு கண்டுபிடித்தேன். சிரிக்காதீர்கள்.

உங்களிடம் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ரேக்கர் கம்பெனியுடையது மாதிரி உள்ளே தெரிகிற கிண்ணம் வைத்த முதல் ஃபில்டர் இருக்கிறதா? கிண்ணத்தில் என்ன தெரிகிறது?

கப்பல் பிரியன்

இதுக்கு இவ்வளவு கதையா. டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோலும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் ஊற்றி ஒரு ஓட்டு ஓட்டினால் எல்லாம் எரிந்து வெளியே வந்துவிடும். எங்கள் ஊர் லாரிக்காரர்கள் செய்வார்கள்.

தூத்துக்குடி டீசல்

லாரி நின்றால் இறங்கி டீ குடிக்கலாம். படகுக்குள் அது ஆகாது. பெட்ரோல் கலந்தால் டீசல் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும், ஆவி படகின் அடியில் போய் உட்காரும். பம்புக்கு எண்ணெய்ப்பசை கொடுப்பதே டீசல்தான், அதுவும் போய்விடும். ஸ்பிரிட் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஃபில்டரைத் தாண்டி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலில் கொண்டுபோய் விடும். தயவுசெய்து வேண்டாம்.

கிராண்ட்பே படகுக்காரன்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. கேனில் போட்டு 2600ல் ஒரு மணி பத்து நிமிடம் ஓட்டினேன், ஒரு இருமல் கூட இல்லை. டேங்கை மறுபடி மாட்டினேன், பதினெட்டாவது நிமிடம் திணறியது. மூடியைத் திறந்தேன், மாற்றமில்லை. அப்படியென்றால் காற்றுக்குழாய் இல்லை, குளவி பிழைத்தது.

ரேக்கர் இருக்கிறது, ஆனால் கிண்ணம் இத்தனை நாளும் பழுப்பாக இருந்ததால் அது உள்ளே தெரிகிற கிண்ணம் என்றே எனக்குத் தெரியாது. இப்போது டேங்கின் அடிவரை ஒரு மெல்லிய குழாயை விட்டு, கைப்பம்பால் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் எடுத்து ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தேன். காலையில் பார்த்தால் மூன்று அடுக்கு. மேலே டீசல், கொஞ்சம் மங்கல். அடியில் ஒரு விரல் அளவு தண்ணீர். இரண்டுக்கும் நடுவே பாலாடை மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு ஏடு, பாட்டிலைச் சாய்த்தால் கிழியாமல் சேர்ந்தே சாய்கிறது. ஈர்க்குச்சியால் தொட்டால் வழவழ என்று குச்சியோடு வருகிறது. நாற்றம் டீசல் நாற்றம் இல்லை, அழுகின முட்டைக்கும் சாக்கடைக்கும் நடுவில். இதுதான் டீசல் பாசியா?

பாண்டிச்சேரிக்காரன், ரீயூனியன்

நான் செயின்ட் பியேரில் படகு வைத்திருக்கிறேன், உங்களுக்குப் பக்கத்துத் தீவு. எல்லோரும் பாசி என்பார்கள், ஆனால் பாசிக்கு வெளிச்சம் வேண்டும், டேங்க் இருட்டு. இது பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீரில் வாழும், டீசலைத் தின்னும், அதனால்தான் இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஏடாகப் படர்கிறது. அந்த முட்டை நாற்றமும் பாக்டீரியா வேலைதான், அவை விடுகிற அமிலம் அலுமினிய டேங்கின் அடியில் குழி குழியாக அரிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இவற்றுக்கு வாழ்வே இல்லை. ஆகவே மருந்தைவிட முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எப்படி வந்தது?

பாதி டேங்கில் காற்று இருக்கும், இரவில் குளிர்ந்து ஈரம் சொட்டும் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் ஒரு விரல் தண்ணீருக்கு அது போதாது என்பது என் அனுபவம். டெக்கில் இருக்கும் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். புயல் மழையில் டெக்கில் தண்ணீர் எந்த இடத்தில் தேங்குகிறது என்றும் பாருங்கள்.

டர்பன் துறைமுகம்

கட்டியிருக்கும்போதைவிடக் கடலில் மோசமாக வருவது ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அடியில் படிந்தது அலையில் கலங்கி மேலே வரும், உறிஞ்சும் குழாய் வாயில் போய் அப்பும். எங்களுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து டர்பன் வரும்போது தென்மேற்குக் காற்று திரும்பியது. அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்கே ஓடுகிறது, காற்று எதிரே அடிக்கிறது, அலை சுவர் மாதிரி எழும்பும். இன்ஜின் வேண்டும் என்கிற அந்த நேரத்தில்தான் நின்றது. மூன்று ஃபில்டர் மாற்றினேன், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு.

உங்கள் டேங்கில் உறிஞ்சும் குழாயை மேலே கழற்றி எடுக்க முடியும் என்றால் எடுங்கள். பழைய படகுகளில் அதன் நுனியில் சின்ன கம்பி வலை இருக்கும். யாரும் சுத்தம் செய்ய முடியாத இடத்தில் வலை வைத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிராண்ட்பே படகுக்காரன்

வலை இருந்தது! சுண்டுவிரல் அளவு, முழுக்கப் புளிக்கரைசல் காய்ந்த மாதிரி மூடியிருந்தது, நடுவில் ஊசி போகிற ஓட்டை மட்டும். வெட்டி எறிந்துவிட்டேன். ரேக்கர் இருக்கும்போது அது எதற்கு.

மூடியும் பார்த்தேன். வளையம் கல்லாகி இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. மூடி இருப்பதோ டெக்கிலேயே பள்ளமான இடத்தில், ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், அங்கேயே குளமாக நின்று மெதுவாகக் குறைந்தது. எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாம்.

இப்போது டேங்கை எப்படிச் சுத்தம் செய்வது? 70 லிட்டர், அலுமினியம், ஆள் கை விடுகிற மூடி எதுவும் இல்லை. பூஞ்சைக்கொல்லி மருந்து ஊற்றினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள்.

தூத்துக்குடி டீசல்

முதலில் மருந்து ஊற்றினால் செத்தது எல்லாம் உதிர்ந்து ஒரே நாளில் உன் ஃபில்டரை அடைக்கும். முதலில் அள்ளு, கழுவு, அப்புறம் மருந்து. டீசலை முழுக்க உறிஞ்சி கேன்களில் எடு. மேலே ஒரு கை போகிற அளவு வட்டமாக வெட்டி மூடி போட்டுவிடு, இனி வாழ்நாளுக்கும் உதவும். டேங்க் காலியாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும், பொறி பறக்கிற கட்டர் கிட்டவே வரக்கூடாது. வட்ட ஓட்டை போடுகிற ரம்பத்தை (ஹோல் சா) மெதுவான டிரில்லில் மாட்டு, கிரீஸ் தடவிக்கொண்டு வெட்டு, தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கும், இரண்டு பக்கமும் கை போக வேண்டும். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் விட்டுப்போகும், பழைய பருத்தி வேட்டித் துணியால் துடை. மூலையைச் சுரண்ட மரக்கரண்டி. கடைசியில் கொஞ்சம் நல்ல டீசல் ஊற்றி அலசி எடு. அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

எடுத்த டீசலைக் கடலில் கொட்டாதே என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் படிய வைத்தால் மேலே தெளிந்ததை 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டர் வழியாக விட்டு மீட்கலாம், ஆனால் நாறுகிற டீசலை நான் மீட்கமாட்டேன். காரேஜில் கழிவு எண்ணெய் எடுக்கிறவர்களிடம் கொடு.

பாண்டிச்சேரிக்காரன், ரீயூனியன்

ரேக்கரில் என்ன ஃபில்டர் போடுகிறீர்கள்? 500 வகை என்றால் 30, 10, 2 மைக்ரான் மூன்றும் கிடைக்கும். நிறம் அதே வரிசையில் சிவப்பு, நீலம், பழுப்பு. கழுவிய பிறகும் முதல் சில வாரம் அழுக்கு வரும், அப்போது 30 போடுங்கள், பிறகு 10. நேராக 2 போட்டால் அது அடைத்துக்கொண்டே இருக்கும், நுண்ணிய அழுக்குக்கு இன்ஜின் மேலே இருக்கும் ஃபில்டர் இருக்கிறது. முடிந்தால் ரேக்கர் மூடியின் கைப்பிடியைக் கழற்றி அங்கே இழுப்பைக் காட்டுகிற வேக்குவம் மீட்டர் மாட்டுங்கள். முள் ஏறினால் அடைப்பு. முள் ஏறாமலே இன்ஜின் திணறினால் எங்கோ காற்று இழுக்கிறது. இழுக்கிற பக்கத்தில் ஒழுகல் வெளியே தெரியாது, டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும்.

கிராண்ட்பே படகுக்காரன்

கழுவியாயிற்று. இரண்டு வாளி சகதி வந்தது. அடியில் குழி இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. மூடிக்குப் புது வளையம். மருந்து டப்பாவில் போட்ட அளவுப்படி, கையுறையோடு. ஆனால் இப்போது ஸ்டார்ட் ஆகவே இல்லை! குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற சின்ன பம்ப்) கை நெம்பை அடிக்கிறேன், ஒன்றுமே வரவில்லை, நெம்பு தொளதொள என்று இருக்கிறது. செல்ஃப் போட்டுப் போட்டு பேட்டரியும் இறங்கிவிட்டது.

டர்பன் துறைமுகம்

நிறுத்துங்கள்! கடல் தண்ணீர் வால்வை மூடினீர்களா? இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் குளிர்விக்கிற தண்ணீர் புகைக்குழாய்க் குடுவையில் நிரம்பிக்கொண்டே வரும், வெளியே தள்ளப் புகை இல்லை, கடைசியில் சிலிண்டருக்குள் திரும்பி வரும். நல்ல இன்ஜின் அப்படித்தான் செத்திருக்கிறது. முதலில் வால்வை மூடி, குடுவையின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து வடியுங்கள். இன்ஜின் பிடித்த அந்த நொடி வால்வைத் திறக்க மறக்கக்கூடாது, செல்ஃப் போடாத நேரமெல்லாம் சாவியை வால்வின் மேலேயே தொங்கவிடுங்கள், எடுக்கும்போது ஞாபகம் வரும்.

தூத்துக்குடி டீசல்

நெம்பு தொளதொள என்றால் பம்ப் கெடவில்லை, உள்ளே பம்பைத் தள்ளுகிற கேம் தூக்கின நிலையில் நிற்கிறது. கிராங்க்கை (இன்ஜினின் சுழல் தண்டு) ஸ்பானரால் ஒரு சுற்று சுற்று, நெம்புக்கு வேலை வந்துவிடும். அப்புறம் வரிசையாகப் போ. ஃபில்டர் மேலே இருக்கும் திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடி, மூடு. அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப் திருகு, அதே மாதிரி. கடைசியில் நாசில் நட்டு இரண்டும், 17 ஸ்பானர், அரைச் சுற்று தளர்த்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுகிற டீகம்ப்ரஷன் நெம்பைத் தூக்கி செல்ஃப் போடு, டீசல் துப்பினதும் இறுக்கு. திருகுக்கு அடியில் செம்பு வாஷர் இருக்கும். பழையதையே போட்டால் அது சரியாக அடைக்காது, புதிது போடு.

கிராண்ட்பே படகுக்காரன்

குடுவையிலிருந்து மூன்று லிட்டருக்கு மேல் வடிந்தது. டர்பன் அண்ணே, உங்களுக்கு ஒரு பிரியாணி கடன்.

கிராங்க்கைச் சுற்றினதும் நெம்பு கல்லு மாதிரி ஆனது. இரண்டாவது முயற்சியில் பிடித்தது. நேற்று குவான் டெ மீரைத் தாண்டி இல் பிளாத் தீவு வரை போய் வந்தோம், காற்று செத்துக் கிடந்ததால் போக வர எல்லாம் இன்ஜின்தான், 2400. திரும்பி வந்து ரேக்கர் கிண்ணத்தின் பின்னால் டார்ச் வைத்துப் பார்த்தேன், அடியில் கடுகு அளவு இரண்டு துணுக்கு, தண்ணீர் இல்லை.

கடலூர் வாசகன்

அண்ணே, என் படகிலும் அந்த மூடி வளையம் வெடித்திருக்கிறது. அளவு என்ன, எங்கே வாங்கினீர்கள்?

கிராண்ட்பே படகுக்காரன்

அளவு தெரியாது தம்பி. மூடியையே கையில் எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் ஹோஸ் விற்கிற கடைக்குப் போனேன், நாலு வளையம் மாட்டிப் பார்த்து ஒன்று கொடுத்தார். டீசல் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்கு, தண்ணீர்க்குழாய்க் கடை வளையம் ஊதிப்போகும். இரண்டாக வாங்கு.