ஸ்பிளெண்டர் ஸ்லோ ஸ்பீடுல நிக்குது, தொப்பூர் ஏத்தத்துல இழுக்கல. எந்த ஸ்க்ரூவைத் திருகறது?

பென்னாகரத்தான்:
அண்ணன்மாருங்களே, வழி சொல்லுங்க. அப்பாவோட பழைய ஸ்பிளெண்டர், கார்புரேட்டர் வண்டி. நான் ஓசூருக்கு கம்பெனி வேலைக்குப் போனப்புறம் மாசக்கணக்கா வாசல்ல தார்ப்பாய் போட்டு நின்னுச்சு. இப்ப காலைல சோக் போட்டாத்தான் ஸ்டார்ட் ஆகுது, சோக்கை எடுத்தா நின்னுடுது. தருமபுரி நாலு ரோட்டுல நெரிசல்ல நின்னா முறுக்கிக்கிட்டே இருக்கணும். தொப்பூர் இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது. சேலத்துல இருந்து திரும்பி ஏறும்போது பாதியில பெட்ரோல் தீர்ந்த மாதிரி ஆயிடுது, ஓரமா நிறுத்தி எடுத்தா மறுபடி ஓடுது. பிளக் வெள்ளையா இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் "அந்தச் சின்ன ஸ்க்ரூவை ரெண்டு சுத்து திருகு"ங்கறாரு. எந்தப் பக்கம்?

காரிமங்கலம் ரைடர்:
ஐடிலிங் (முறுக்காம விட்டா ஓடற வேகம்) ஸ்க்ரூவை ஏத்தி வெச்சுடுங்க ப்ரோ, நிக்காது.

பாலக்கோடு மெக்கானிக்:
ஐடிலிங்கை ஏத்தினா வண்டி நிக்காது, வியாதியும் போகாது. தம்பி, உங்களுக்கு இருக்கறது ரெண்டு வியாதி.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சின்ன ஸ்க்ரூ, காத்து-பெட்ரோல் கலவையை மாத்தறது. அதோட அதிகாரம் ஆக்சிலேட்டர் கால்வாசி திறக்கற வரைக்கும்தான். அதுக்கு மேல பெட்ரோலை அளந்து விடறது நீடில்ங்கற ஊசி, முழுசா முறுக்கினா மெயின் ஜெட்ங்கற துளை. தொப்பூர் ஏத்தத்துல முழுசா முறுக்கித்தானே வருவீங்க? அங்க அந்த ஸ்க்ரூவுக்கு வேலையே இல்ல. நிறுத்தி எடுத்தா ஓடுதுன்னா பெட்ரோல் வந்து சேரலைன்னு அர்த்தம். அடுத்த தடவை இழுக்காமப் போனதும் டேங்க் மூடியைத் திறங்க. புஸ்னு காத்து உள்ள போய் வண்டி எடுத்துக்கிச்சுன்னா, மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. இல்லைன்னா டியூபைக் கழட்டி பாட்டில்ல விட்டுப் பாருங்க. தாராளமா ஓடணும். சொட்டு சொட்டா வந்தா டேங்க் அடியில பெட்ரோல் டேப்புல (குழாய்த் திருகு) இருக்கற சல்லடையைப் பாருங்க.

ஸ்லோ ஸ்பீடு விஷயம் வேற. சோக்ல (அது காத்தைக் குறைக்கும்) ஓடறது, வெள்ளை பிளக், இறக்கத்துல வெடி, மூணும் சொல்றது ஒண்ணுதான்: காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. நின்ன வண்டியில பெட்ரோல் காஞ்சு பிசினாட்டம் படியும். மொதல்ல அடைக்கறது ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடற ஸ்லோ ஜெட்தான், அவ்வளவு பொடி ஓட்டை. கழட்டி கிளீனர் அடிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, வட்டமா தெரியணும். கிளட்ச் கம்பி விட்டுக் குத்தற ஆளு கையில குடுக்காதீங்க, ஓட்டை பெருசாச்சுன்னா ஜெட்டையே மாத்தணும். கார்புரேட்டர் என்ஜினோட சேர்ற இடத்துல ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்க. ஐடிலிங்ல ஓடும்போது அங்க லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணி, சத்தம் மாறினா அந்த வழியா காத்து திருட்டுத்தனமா போகுது.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்க்ரூ. வண்டி நல்லா சூடாகட்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா காத்து ஸ்க்ரூ, உள்ள திருகினா கலவையில பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ள திருகினா குறையும். பாதி பேரு இது தெரியாம நேர்மாறா திருகறாங்க. முட்டற வரைக்கும் மெதுவா உள்ள விட்டு, எத்தனை சுத்துன்னு குறிச்சுக்குங்க. இறுக்கினா முனை கெட்டுடும். அங்க இருந்து ஒன்றரை சுத்து வெளிய. அப்புறம் கால் கால் சுத்தா மாத்தி, சத்தம் எங்க உச்சமா, சீரா வருதோ அங்க விட்டுடுங்க. கடைசியில ஐடிலிங்கை என்ஜின் நிமிஷத்துக்கு 1400 தடவை சுத்தற பக்கம் வைங்க. அதைக் காட்டற மீட்டர் வண்டியில கிடையாது, காதுதான்.

வெடிக்குதுன்னு இறக்கத்துல சாவியை ஆஃப் பண்ணிட்டு மட்டும் போகாதீங்க. அந்த ரோட்டுல லாரிங்க எப்படி வரும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா.

கிருஷ்ணகிரி மல்கோவா:
இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்களே, அதனால இருக்குமா அண்ணா?

பாலக்கோடு மெக்கானிக்:
எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கு, அதனால அதே ஜெட்ல கலவை கொஞ்சம் லீன் (பெட்ரோல் கம்மி) ஆகும்தான். ஆனா சோக்கை எடுத்ததும் நிக்கற அளவுக்கு ஆகாது. எல்லாப் பழியையும் அது மேல போடறது இப்ப ஃபேஷன். அது ஈரத்தை இழுக்கும், அதனால வண்டியை ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா கார்புரேட்டர் கிண்ணத்தை வடிச்சுட்டு நிறுத்துங்க.

பென்னாகரத்தான்:
அண்ணா, மூடியைத் திறந்ததும் புஸ்னுச்சு! ஓட்டையைச் சுத்தம் பண்ணிட்டேன், ஏத்தம் ஒரே மூச்சுல ஏறுது. ஆனா ஸ்லோ ஜெட் அசையல, ஸ்க்ரூ டிரைவர் வழுக்குது.

பாலக்கோடு மெக்கானிக்:
நிறுத்துங்க. அது பித்தளை, தலை போச்சுன்னா வெளிய எடுக்க படாதபாடு படணும். மிதவை, ரப்பர் எல்லாம் கழட்டி வெச்சுட்டு கார்புரேட்டர் ராத்திரி முழுக்க கிளீனர்ல ஊறட்டும். காலைல ஜெட் தலையில இருக்கற காடிக்கு (வெட்டுக்கு) அச்சா பொருந்தற டிரைவரா பார்த்து, அழுத்திப் பிடிச்சுத் திருப்புங்க. வரலைன்னா கடைக்குக் கொண்டாங்க.