டிஸ்சார்ஜ் சம்மரில நெக்ரோசிஸ், ஸ்லஃப், ட்ரை கேங்ரீன்னு இருக்கு, எல்லாம் ஒண்ணுதானா?

பொன்னேரிக்காரன்:
அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். கால் சுண்டுவிரல் கருத்துப்போயி அட்மிட் பண்ணி இப்பதான் வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். சம்மரில விரலுக்கு 'ட்ரை கேங்ரீன்'னு போட்டிருக்கு, உள்ளங்கால் புண்ணுக்கு 'நெக்ரோடிக் டிஷ்யூ, ஸ்லஃப்', அப்புறம் 'டிப்ரைட்மென்ட் டன்', கடைசில 'நோ சைன்ஸ் ஆஃப் செப்சிஸ்'. நெட்ல தேடினா எல்லாத்துக்கும் அழுகல் அழுகல்னே வருது, அம்மா அதை கேட்டுட்டு ஒரே அழுகை. சித்தப்பா வேற செப்டிக் ஆயிடுச்சுல்ல அப்ப காலை எடுத்துருவாங்கன்னு கிளப்பி விட்டுட்டார். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நைட்டூட்டி அக்கா:
தம்பி, சர்ஜரி வார்டு ஸ்டாஃப் நர்ஸ் நான். முதல்ல அம்மாவை சமாதானப்படுத்துங்க.

நெக்ரோசிஸ்னா உசுரோட இருக்கற ஆளுக்கு ஒரு இடத்துல மட்டும் செல் செத்துப்போறது, அவ்ளோதான். கிருமி இருந்தே ஆகணும்னு இல்ல. ஹார்ட் அட்டாக்ல சாகற தசையும் நெக்ரோசிஸ்தான், அதை யாராவது அழுகல்னு சொல்றாங்களா? அதுவே கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஒரு விரலோ பாதமோ செத்துப்போனா கேங்ரீன். இதுல ட்ரை வேற வெட் வேற. ரத்தக்குழாய் மெதுவா அடைச்சு ரத்தம் வராம விரல் காய்ஞ்சு சுருங்கி கருப்பாகி, நல்ல சதைக்கும் அதுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சா ட்ரை. கிருமி ஏறி வீங்கி கொப்புளம் வந்து நாத்தம் அடிச்சு மேல மேல ஏறினா வெட், அதுதான் எமர்ஜென்சி, மணிக்கணக்குல பரவும். ட்ரையா இருக்கறது வெட்டா மாறலாம், அதனால அந்த விரலை தண்ணில ஊற வைக்காதீங்க.

ஸ்லஃப்னா புண்ணு மேல மஞ்சளா கொழகொழன்னு ஒட்டிட்டு இருக்கற செத்த சதை. அதை வெட்டி எடுக்கறதுதான் டிப்ரைட்மென்ட். எடுத்தப்புறம் அடியில சிவப்பா பொடிப்பொடியா சதை வந்து தொட்டா ரத்தம் கசியும், வீட்டுல பார்த்து பயந்துருவாங்க, ஆனா அது கிரானுலேஷன், புது சதை, நாங்க அதைப் பார்த்தாதான் சந்தோஷப்படுவோம்.

சும்மா ஒருத்தன்:
வேப்பிலை மஞ்சள் அரைச்சு கட்டுங்க ப்ரோ, எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் ஆறுச்சு

நைட்டூட்டி அக்கா:
வேணாம் தம்பி, சாமி சத்தியமா வேணாம். சுகர்க்காரங்களுக்கு நரம்பு மரத்துப்போயி வலியே தெரியாது, கட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியறதுக்குள்ள வெட் ஆகி வந்து நிப்பாங்க.

மார்ச்சுவரி பக்கத்து ரூம்:
ஃபாரன்சிக் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். அழுகல்னு நேரா சொல்லணும்னா அது எங்க வார்த்தை, புட்ரிஃபேக்ஷன், செத்தவங்களுக்கு மட்டும்தான். செத்ததும் முதல்ல செல்லு தன்னோட என்சைமாலயே தன்னைக் கரைச்சுக்கும், கிருமியே வேண்டாம், அது ஆட்டோலிசிஸ். அப்புறம் குடல்ல இருக்கற பாக்டீரியா கிளம்பி வரும். அதான் வயித்துல வலது பக்கம் கீழ, பெருங்குடல் ஆரம்பிக்கற இடத்துல, முதல்ல பச்சையா நிறம் மாறும். நம்ம ஊர் வெயில்ல ஒரு நாள் முடியறதுக்குள்ளயே தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு அபாப்டோசிஸ். அது செல் திட்டம் போட்டு சாகறது, சுத்தி வீக்கமே இருக்காது, கருவுல விரலுக்கு நடுவுல இருக்கற தோல் மறையறது அப்படித்தான். அந்தப் பேரு 1972ல வெச்சது, அது எப்படி நடக்குதுன்னு ஒரு சின்ன புழுவை வெச்சு கண்டுபிடிச்சதுக்கு 2002ல நோபல் குடுத்தாங்க. சாவுன்னாலே நோய் கிடையாது பாருங்க.

கோதாவரி:
குறுக்க வரேன் மன்னிக்கணும், எங்க அத்தைக்கு 'கேரீஸ் ஸ்பைன்'னு எழுதிருக்காங்க, கேரீஸ்னா சொத்தைப்பல் தானே, முதுகெலும்புல சொத்தையா??

மார்ச்சுவரி பக்கத்து ரூம்:
அது முதுகெலும்புல வர்ற டிபிங்க. லத்தீன்ல உளுத்துப்போனதுன்னு அர்த்தம், பழைய பேரு, இன்னும் பல டாக்டருங்க அப்படியே எழுதறாங்க. பல்லுல ஆசிட் அரிக்குது, எலும்புல டிபி கிருமி அரிக்குது, பேரு மட்டும்தான் ஒண்ணு. மாத்திரையை நடுவுல நிறுத்தாம சாப்பிடச் சொல்லுங்க.

பொன்னேரிக்காரன்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். சித்தப்பா சொன்ன செப்டிக் மேட்டர் மட்டும் சொல்லிருங்க.

நைட்டூட்டி அக்கா:
ஊர்ல சீழ் வெச்சாலே செப்டிக்னு சொல்லிருவாங்க. சம்மரில இருக்கற செப்சிஸ் வேற. கிருமியை எதிர்க்கறேன்னு உடம்பு தாறுமாறா கிளம்பி தன்னோட கிட்னி, நுரையீரல்னு ஒவ்வொண்ணா கெடுத்துக்கறது, உசுருக்கே ஆபத்து. அப்பாவுக்கு அது இல்லன்னு தெளிவா எழுதிருக்காங்க, சித்தப்பாகிட்ட அந்த வரியைக் காட்டுங்க. ஆனா குளிர் ஜுரம், மூச்சு வாங்கறது, பேச்சு குழறி தூங்கிட்டே இருக்கறது, யூரின் கம்மியாப் போறது, இல்ல அந்த கருப்பு கோட்டைத் தாண்டி சிவப்பு ஏறறது, இதுல எது வந்தாலும் ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரி ஆனாலும் கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டுப் போயிருங்க. போகும்போது சம்மரியும் எடுத்துக்கோங்க.